பெரியம்மாவோட பூனை எங்க வீட்டுக்கு வந்திருக்கு, 11 வயசுல இடம் மாறினா பழகுமா?

மார்ச் 3, ராத்திரி 10:20

கேள்விய நேரா கேட்டுடறேன். நாய் ஆளோட போகும், பூனை வீட்டோட நிக்கும்னு சொல்றாங்களே, அது எவ்வளவு தூரம் நிஜம்?

பெரியம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு இப்ப அக்கா வீட்ல இருக்காங்க. இனிமே அவங்கள தனியா விடறதா இல்ல. அக்கா பொண்ணுக்கு பூனை முடின்னாலே வீசிங் வந்துடும். அதனால பெரியம்மா வளர்த்த பூசணி (ஆரஞ்சு கலர், 11 வயசு, பேருக்கேத்த உடம்பு) இன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்துட்டா. வந்துட்டான்னு சொல்லக்கூடாது, கொண்டாந்து எறக்கினோம். நாலு மணி நேரமா வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி இருக்கா. நாங்க யாரும் இதுவரைக்கும் பூனை வளர்த்ததில்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 4, காலை 6:45

இன்னும் அங்கயே இருக்கா. டார்ச் அடிச்சு பாத்தேன், ரெண்டு பச்சை வட்டம், மீசையில ஒட்டடை. அவ்ளோதான் தெரிஞ்சுது.

எப்படி அங்க போனான்னு கேட்டவங்களுக்கு: தப்பு எங்க மேலதான். கேரியர ஹாலுக்கு நடுவுல வெச்சோம், டிவி ஓடிட்டிருந்துச்சு, பையன் "பூசணி பூசணி"ன்னு கை தட்டினான், இவர் பிஸ்கட் டப்பாவ குலுக்கினார், வெளிய வரலன்னதும் நான் பின்னாடி தூக்கி லேசா சாய்ச்சேன். வழுக்கி வந்து விழுந்தா. ஒரு செகண்ட் எல்லாரையும் பாத்தா. அப்புறம் ஆரஞ்சு கோடு மாதிரி ஏதோ போச்சு.

நீங்க எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது, மொத நாள் முழு வீட்டயும் காட்டாதே, ஒரு சின்ன ரூம்ல தண்ணி, சாப்பாடு, மண்பெட்டி, ஒளிஞ்சுக்க ஒரு எடம் வெச்சு கதவ சாத்து, அதுவா வெளிய வரட்டும்னு. இத நேத்து மத்தியானம் கேட்டிருக்கணும். துணி மடிக்கற ரூம காலி பண்ணிட்டிருக்கேன். ஆனா மெஷினுக்குப் பின்னாடி இருந்து அந்த ரூமுக்கு யார் கூட்டிட்டுப் போறது? பூனைக்கு யார் மணி கட்டறதுங்கறதுக்கு இன்னிக்குத்தான் எனக்கு முழு அர்த்தம் புரியுது.

மார்ச் 4, ராத்திரி 11:05

சாயங்காலம் வீடு அமைதியானதும் அதுவே வெளிய வந்துச்சு, வயிறு தரையில உரச, செவுத்த ஒட்டியே நடந்து, தொறந்திருந்த ரூமுக்குள்ள போச்சு. நான் கதவ சாத்தினேன். யாரும் தொடல.

பெரியம்மா ஃபோன் பண்ணாங்க. மொத வார்த்தையே "சாப்ட்டாளா?" நான் உடனே "ஆங், நல்லா சாப்ட்டா பெரியம்மா"ன்னுட்டேன். தட்டுல வெச்சது வெச்சபடி இருக்கு. ஆஸ்பத்திரி கட்டில்லேர்ந்து எறங்கி பத்து நாள் கூட ஆகல, அவங்ககிட்ட எப்படி சொல்றது.

மார்ச் 5, மத்தியானம் 1:30

மண்பெட்டி தொடவே இல்ல. ஜன்னலோரம் இருந்த மணி பிளான்ட் தொட்டில போயிருக்கா. செடி சாஞ்சு கெடக்கு, ரூம் முழுக்க மண்ணு. பெரியம்மா வீட்ல தோட்டம் இருந்துச்சு, பெட்டியெல்லாம் பழக்கமே இல்லன்னு இப்பதான் ஒறைக்குது.

ஒண்ணுக்குப் போகாம முக்கினா ஆண் பூனைக்கு அவசரம், வழி அடைச்சிருக்கலாம், ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிருக்கே ஆபத்துன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. நல்லவேளை நம்மளது பொண்ணு.

சாப்பாடு: குழம்ப மட்டும் நக்கினா. கட்டி அப்படியே இருக்கு. பெரியம்மாகிட்ட இன்னிக்கும் "சாப்ட்டா."

மார்ச் 5, மத்தியானம் 2:10

மணி பிளான்ட எடுன்னு ஏழு பேர் சொல்லிட்டீங்க. எடுத்துட்டேன். கடிச்சா வாயெல்லாம் எரிஞ்சு எச்சில் வடியும்னு தெரியாது. லில்லி வகை அத விட மோசம், மகரந்தத்த நக்கினாலே கிட்னி போய்டும்னு படிச்சதும் வீட்ல இருக்கற எல்லா செடியையும் ஒரு ரவுண்டு பாத்தேன். லில்லி இல்ல. தொட்டி மட்டும் மண்ணோட இருக்கட்டும்னு விட்டுட்டேன், அவளுக்கு அதுதான பாத்ரூம்.

மார்ச் 6, காலை 11:50

வெட்கிட்ட (கால்நடை டாக்டர்) போயிட்டு இப்பதான் வந்தோம். நெறைய சொல்லணும், வரிசையா வராது, பொறுத்துக்கோங்க.

மொதல்ல பெரிய திருத்தம். பூசணி அவ இல்ல. அவன். வெட் வால தூக்கி பாத்துட்டு சாதாரணமா "இவனுக்கு எத்தன வயசு"ன்னார், நான் "இவளுக்கு 11"ன்னேன், அவர் மறுபடி "இவனுக்கு"ன்னார். சின்ன வயசுலயே கருத்தடை ஆபரேஷன் பண்ணதால பாத்தவொடனே தெரியாதாம். ஆரஞ்சு பூனைல அஞ்சுல நாலு ஆணாத்தான் இருக்கும்னும் சொன்னார். பெரியம்மா எப்பவும் "வாடி போடி"ன்னு கூப்பிட்டு நான் கேட்டிருக்கேன், அதனால நான் யோசிக்கவே இல்ல. இத இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், நேத்து "நல்லவேளை பொண்ணு"ன்னு எழுதிட்டு நிம்மதியா தூங்கினேன் பாருங்க, அது. மூத்திரப்பைய அமுக்கிப் பாத்தார், அடைப்பு இல்ல, தொட்டி புண்ணியத்துல. ஆனா அடைச்சிருந்தா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன்.

ரெண்டாவது, சாப்பாடு. குண்டு பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா ஒடம்புல இருக்கற கொழுப்பெல்லாம் கல்லீரலுக்கு வந்து குவிஞ்சு கல்லீரலே படுத்துடுமாம். "பசிச்சா தானா சாப்டும்"னு சொன்ன நல்லவங்களுக்கு: பூனை விஷயத்துல அது வேலைக்காகாது. ஒரு நாள் முழுசா சாப்டலன்னாலே ஃபோன் பண்ணியிருக்கணும்னார். வாந்தி உணர்வுக்கு ஊசி, பசிக்கு ஒரு மருந்து. நாளைக்குள்ள சாப்டலன்னா ட்யூப் போடணும்.

மூணாவது, இவர் நேத்து ராத்திரி பூனை ஒடம்பு சுடுதுன்னு பையனோட காய்ச்சல் மருந்து ரெண்டு சொட்டு குடுக்கலாமான்னு கேட்டார், நான் தூக்கக் கலக்கத்துல "காலைல பாக்கலாம்"னேன். பூனைக்கு சாதாரண சூடே 38லேர்ந்து 39 டிகிரி சொச்சம், நம்ம கைக்கு சுடத்தான் செய்யும். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், கொஞ்சூண்டு போதும். என் சோம்பேறித்தனம் காப்பாத்தின ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

மார்ச் 6, ராத்திரி 10:15

பெரியம்மாகிட்ட உண்மைய சொல்லிட்டேன். பூனைக்குட்டி வெளிய வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க, நெஜப் பூனை இன்னும் ஒளிஞ்சுக்க வெச்ச அட்டைப்பெட்டிக்குள்ளதான்.

திட்டுவாங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் "எந்த தட்டுல வெச்ச?"ன்னாங்க. கிண்ணம்னேன். "கிண்ணத்துல அவ சாப்பிடவே மாட்டாளே. தட்டையா வை. கீழ பேப்பர் போடு. ஸ்பூனால தட்டு ஓரத்துல மூணு தட்டு தட்டிட்டு, அவளுக்கு முதுகக் காட்டி உக்காரு. பாக்காத. பாத்தா சாப்பிட மாட்டா. நீ ஏதாவது வேலை பண்ணிட்டிரு."

ஃபோன வெச்சுட்டு அப்படியே செஞ்சேன். டிங் டிங் டிங். திரும்பி உக்காந்து சாக்ஸ் ஜோடி சேத்தேன். நாலாவது ஜோடியில பின்னாடி பேப்பர் சரசரன்னுச்சு. அப்புறம் நக்கற சத்தம். தட்டு நகர்ந்து செவுத்துல இடிக்கற சத்தம். நான் சாக்ஸ கையில வெச்சுட்டு அழுதுட்டிருந்தேன், திரும்பவே இல்ல.

மருந்துதான் வேலை செஞ்சுதா, ஸ்பூனான்னு தெரியாது. ரெண்டுமா இருக்கலாம். ஆனா மார்ச் 4 ராத்திரி "சாப்டல பெரியம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த ஸ்பூன் அன்னிக்கே கெடச்சிருக்கும். அவங்கள கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு நெனச்சு பூனைய ரெண்டு நாள் பட்டினி போட்டிருக்கேன்.

மார்ச் 7

சாப்ட்டான். ரெண்டு வேளை. போட்டோ கேக்காதீங்க, முதுகக் காட்டி உக்காந்து எப்படி எடுக்கறது.

(ஆண்னு சொன்னதுக்கு பெரியம்மா: "தெரியும்டி. அதுக்கென்ன இப்போ?")

மார்ச் 9, ராத்திரி

இன்னிக்கு வீட்ல சண்டை. பெரியம்மா பூனையோட ஒரு பழைய சால்வை குடுத்து விட்டிருந்தாங்க, பதினோரு வருஷமா அவன் படுக்கறது, கலர் என்னன்னே தெரியாது, ஒரு மாதிரி வாடை. இவர் பாவம் நல்ல எண்ணத்துல நேத்து அத துவைச்சு, வாசனை லிக்விட் வேற ஊத்தி, வெயில்ல காயவெச்சு அழகா மடிச்சு பெட்டிக்குள்ள வெச்சிருக்கார். பூசணி மோந்து பாத்தான், வாய லேசா தொறந்துட்டு ஒரு அருவருப்பான மூஞ்சி வெச்சான், எழுந்து போய் மூலையில வெறுந்தரையில படுத்துட்டான்.

அந்த வாய் தொறக்கற மூஞ்சி கோவம் இல்லையாம், மேல்வாயில வாசனைக்குன்னே தனி உறுப்பு இருக்கு, அதுல இழுத்துப் பாக்கறதாம். அதாவது அவன் இது யாரோடதுன்னு தேடியிருக்கான். பூனைக்கு கன்னத்துல, நெத்தியில சுரப்பி இருக்கு, ஒரசற எடமெல்லாம் இது என்னோடதுன்னு கையெழுத்து போட்ட மாதிரி. பதினோரு வருஷக் கையெழுத்த ஒரு வாஷ்ல அழிச்சாச்சு.

அக்காவ பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி, பீரோவுல இல்ல, கட்டில்ல கெடக்கற தலைகாணி உறைய எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். பாலிதீன் கவர்ல கட்டி.

மார்ச் 10

உறை வந்துச்சு. பெட்டிக்குள்ள போட்டேன். இருபது நிமிஷத்துல உள்ள போய்ட்டான். மூஞ்சிய உறைக்குள்ள பொதைச்சு தூங்கறான், இந்த வீட்டுக்கு வந்து மொத தடவையா மல்லாக்க ஒரு கால் வெளிய நீட்டி.

பெட்டிய எடுத்துடுங்க, இல்லன்னா வெளிய வரவே மாட்டான்னு ஒருத்தர் சொன்னீங்க. எடுக்க மாட்டேன். நெதர்லாந்துல உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க காப்பகத்துக்கு வந்த புதுப் பூனைங்கள்ல பாதிக்கு ஒளிஞ்சுக்க பெட்டி குடுத்து, பாதிக்கு குடுக்காம பாத்திருக்காங்க (2014). பெட்டி இருந்ததுங்கதான் சீக்கிரம் தேறுச்சு. ஒளிய எடம் இருந்தா வெளிய வர தைரியம் வரும் போல. நானும் கல்யாணமான புதுசுல மாமியார் வீட்ல துணி காயப்போட மொட்டைமாடிக்கு அடிக்கடி போவேன்.

மார்ச் 12, ராத்திரி 9:30

ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். எழுதறதா வேணாமான்னு மதில் மேல் பூனையா ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

பெரியம்மா குரல கேட்டா அவனுக்கு ஆறுதலா இருக்கும்னு வீடியோ கால ஸ்பீக்கர்ல போட்டேன். பெரியம்மாவுக்கும் பாக்கணும்னு ஆசை. ஃபோன பெட்டி முன்னாடி நிறுத்தினேன். "பூசணி, ஏண்டி செல்லம்"ன்னு அவங்க கூப்பிட்டாங்க.

காது ரெண்டும் திரும்புச்சு. வெளிய வந்தான். ஃபோன மோந்தான். ஃபோனுக்குப் பின்னாடி போய் பாத்தான். திரும்ப முன்னாடி வந்தான். கதவுகிட்ட போய் கத்த ஆரம்பிச்சான், இதுவரைக்கும் நான் கேக்காத கத்தல், அடி வயித்துலேர்ந்து. பெரியம்மா அந்தப் பக்கம் "என்னாச்சு, என்னாச்சு"ன்னு. நான் கட் பண்ணிட்டேன். ஒரு மணி நேரம் கதவ பிராண்டினான்.

மார்ச் 13

நேத்து எழுதினத திரும்பப் படிச்சேன். "ஆறுதலா இருக்கும்னு"ன்னு எழுதியிருக்கேன். யாருக்கு? நெஜத்த சொன்னா பெரியம்மாவுக்கு "பாருங்க நல்லா இருக்கான்"னு காட்டணும்னு எனக்கு ஒரு அவசரம். தெனமும் போட்டோவுக்காக கேமராவ தூக்கிட்டு அந்த ரூமுக்குள்ள அஞ்சாறு தடவை போயிருக்கேன், அவன் முகத்துக்கு நேரா. முதுகக் காட்டி உக்காருன்னு அவங்க சொன்னதுக்கு நேர் எதிர்.

குரல் விஷயத்துல ஒருத்தர் சொன்னது சரி, ஜப்பான்ல 2013ல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, பதிவு பண்ண குரல வெச்சே பூனை தன் ஆளையும் வேத்தாளையும் பிரிச்சு அறியுதுன்னு. ஆனா காத திருப்பும், தலைய திருப்பும், அவ்ளோதான், எழுந்து வராது பெரும்பாலும். நம்ம ஆள் எழுந்தே வந்துட்டான். தெரியாம இல்ல, நல்லாத் தெரிஞ்சதாலதான் கத்தினான்.

இனிமே கால் மாடியில இருந்து. பெரியம்மாவும் சரின்னுட்டாங்க. "அவன கூப்பிட்டுட்டு நான் வராம இருந்தா அது தப்புடி"ன்னாங்க. மொத தடவையா "அவன்"ன்னு சொன்னாங்க, கவனிச்சேன்.

மார்ச் 15

தொட்டிலேர்ந்து மண்பெட்டிக்கு மாத்தறது எப்படின்னு கேட்டவங்களுக்கு. பெட்டில முழுக்க தோட்டத்து மண்ண போட்டேன், கீழ மட்டும் ஒரு கை லிட்டர் (பூனை கக்கூஸுக்குன்னு கடையில விக்கற மண்ணு). மறுநாளே போய்ட்டான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மண்ண கொறைச்சு லிட்டர ஏத்தறேன். பெட்டியும் மாத்தினேன். கடையில வாங்கினது அவன் திரும்பக்கூட பத்தாது, துணி வைக்கற பெரிய பிளாஸ்டிக் டப்பாவ ஒரு பக்கம் தாழ்வா வெட்டி, வெட்டின எடத்த தேச்சு வெச்சிருக்கேன். சாப்பாட்டுத் தட்டுக்கு நேர் எதிர் மூலையில. நம்மளும் கக்கூஸ்ல உக்காந்து சாப்பிட மாட்டோம்ல.

வாசனை இல்லாத லிட்டரா வாங்குங்க. ரோஜா வாசனை நமக்குத்தான்.

மார்ச் 21

ரூம் கதவ தொறந்தாச்சு, சாயங்காலம் ரெண்டு மணி நேரம். மொத நாள் ஹால் வரைக்கும் வந்து வாஷிங் மெஷின பாத்துட்டு திரும்பிட்டான். பழைய ஞாபகம் போல.

நாங்க மூணாவது மாடி. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்ச பிறகுதான் கதவ தொறந்தேன். இவர் "பூனை எங்கேர்ந்து விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும், நியூயார்க்ல கணக்கே எடுத்திருக்காங்க"ன்னார். எடுத்திருக்காங்க, 1987ல வந்த கட்டுரை, மாடியிலேர்ந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைல பத்துக்கு ஒன்பது பொழைச்சுது. ஆஸ்பத்திரிக்கு வந்தது. விழுந்த எடத்துலயே போனத யார் தூக்கிட்டுப் போயிருப்பா? அதுவும் பொழைச்சதுல தாடை ஒடஞ்சது, நெஞ்சு அடிபட்டது எவ்வளவு. வலை அடிச்சவர் வந்து போனதும் இவர் தானே போய் இழுத்து இழுத்து பாத்தார்.

ஏப்ரல் 2

பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருண்டுபோச்சுன்னு நெனைக்குமாம்னு கேலி பண்ணுவோம்ல. அந்த பழமொழிய நான் வாபஸ் வாங்கறேன்.

பையனுக்கு டீச்சர் சத்தமா படிக்கச் சொல்லியிருக்காங்க. அவன் பூசணி ரூம்ல போய் தரையில உக்காந்து படிக்கறான், அதோட முகத்த பாக்காம, புக்க பாத்து. தெனம் இருபது நிமிஷம். இன்னிக்கு கதவு இடுக்குல பாத்தேன். பூசணி பெட்டி வாசல்ல படுத்து அவனையே பாத்துட்டிருந்தான். பையன் பக்கத்த திருப்பறப்ப நிமிந்து பாத்தான். பூசணி மெதுவா, ரொம்ப மெதுவா, கண்ண பாதி மூடி முழுசா மூடி தொறந்தான். பையன் பதிலுக்கு மூடி தொறந்தான், ஏற்கனவே வழக்கம் மாதிரி. "இது எப்போலேர்ந்துடா"ன்னு அப்புறம் கேட்டா "அது குட்மார்னிங்மா, ரொம்ப நாளா சொல்லும்"ங்கறான். எங்ககிட்ட சொல்லவே இல்ல.

இங்கிலாந்துல 2020ல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல இத சோதனை பண்ணி, மெதுவா கண்ண மூடித் தொறக்கற மனுஷனுக்கு பூனையும் கண்ண மூடி பதில் சொல்லுது, அறிமுகமில்லாத ஆளா இருந்தாக்கூட அப்படி பண்ணவர்கிட்ட கிட்ட வருதுன்னு எழுதியிருக்காங்க. எட்டு வயசுப் பையன் பேப்பர் எழுதல, அவ்ளோதான்.

எனக்கு இன்னும் சொல்லல. நான் முயற்சி பண்ணேன், முறைக்கற மாதிரி இருந்திருக்கும் போல, எழுந்து போய்ட்டான்.

ஏப்ரல் 3

பொறாமையான்னு கேட்ட புண்ணியவான், ஆமா.

ஏப்ரல் 19, விடியகாலை 3:40

கத்தறான். மூணு நாளா இதே நேரம். தூங்கல, எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கணும்.

ஏப்ரல் 22

நைட்டு கத்தறது பெரியம்மாவ நெனச்சுத்தான்னு நான் முடிவே பண்ணிட்டேன், பக்கத்துல போய் உக்காந்து நானும் உருகினேன். "வயசான பூனை நைட்ல கத்துச்சுன்னா மொதல்ல ரத்தம் பாருங்க, அப்புறம் கவலைப்படுங்க"ன்னு ஒருத்தர் நறுக்குன்னு சொன்னாங்க. 11 வயசுப் பூனைன்னா நம்ம கணக்குல அறுபதாம். கிட்னி, தைராய்டு, பிரஷர் எல்லாம் வர்ற வயசு.

பாத்தோம். தைராய்டு பிரஷர் ரெண்டும் சரி. கிட்னி ஆரம்ப நிலைல கொஞ்சம் எறங்கியிருக்கு. தண்ணிக் கிண்ணம் சீக்கிரம் காலியாகறத நான் கவனிச்சிருக்கேன், வெயில்னு நெனச்சேன். ஈர உணவுக்கு மாத்தச் சொன்னார், ஒரேயடியா இல்ல, பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கலந்து. தண்ணி வீட்ல மூணு எடத்துல, சாப்பாட்டுக்குப் பக்கத்துல வேணாம்.

எல்லாத்தையும் ஏக்கம்னு முடிச்சுடாதீங்கன்னார் வெட். ஏக்கம் இல்லன்னு அவர் சொல்லல. மத்ததெல்லாம் பாத்துட்டு கடைசில அத சொல்லலாம்னார். படுக்கறதுக்கு முன்னாடி கயித்துல இறகு கட்டி பத்து நிமிஷம் வெளையாடிட்டு சாப்பாடு வெக்கறோம். கத்தல் பாதியா கொறைஞ்சிருக்கு. பாதி.

மே 11

மொத நாள் கேள்விக்கு திரும்ப வரேன், அப்ப சண்டை போட்டவங்க யாராவது இருந்தா.

அமெரிக்காவுல ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துல 2019ல குழந்தைங்களுக்குப் பண்ற சோதனைய பூனைக்குட்டிங்களுக்குப் பண்ணி, மூணுல ரெண்டு பங்குகிட்ட தன் ஆள் திரும்ப வந்ததும் பதட்டம் கொறையுது, ஆள் மேல ஒட்டுதல் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அப்ப "வீட்டத்தான் தேடும்"ங்கறது பொய்யா? எனக்கு அப்படியும் தோணல. பூசணி தலைகாணி உறைல படுத்தான், அது பெரியம்மா. ஸ்பூன் சத்தத்துக்கு வந்தான், அது பெரியம்மா. பேப்பர் விரிச்சா வர்றான். அந்த வீட்டுச் செவுத்த கொண்டாந்து வெச்சிருந்தா சாப்ட்டிருப்பானா? அவனுக்கு இது வீடு, இது ஆள்னு நாம பிரிக்கற கோடே இருக்கான்னு சந்தேகம்.

இன்னிக்கு காலைல நான் நின்னுட்டே காபி கலக்கிட்டிருந்தேன், ஸ்பூன் கப்புல பட்டு டிங் டிங்னுச்சு. கால்ல ஏதோ இடிச்சுது. குனிஞ்சு பாக்கல, பாக்கக்கூடாதுன்னு பழகிடுச்சு. கன்னத்த வெச்சு கணுக்கால்ல ஒரு தேய்ப்பு, திரும்பி வந்து மறுபக்கம் ஒரு தேய்ப்பு. அப்புறம் காபில சாப்பாடு இல்லன்னு தெரிஞ்சு போய்ட்டான். கையெழுத்து போட்டாச்சுல்ல, போதும். அந்தக் கால இன்னிக்கு சோப்பு போட்டு கழுவல, சிரிக்கறவங்க சிரிங்க.

மே 12

குளிச்சேன். கணுக்கால் மட்டும்தான் சொன்னேன்.

ஜூன் 8

பெரியம்மா வந்துட்டுப் போனாங்க. வாக்கர் வெச்சுட்டு, லிஃப்ட்ல, அக்கா பிடிச்சுட்டு. மூணு மாசம் அஞ்சு நாள் கழிச்சு.

நான் என்ன எதிர்பார்த்தேன்னு சொல்ல வெக்கமா இருக்கு. ஓடி வந்து மடியில ஏறுவான், எல்லாரும் அழுவோம், அப்படி. நடந்தது வேற. ஹால்ல நாற்காலில உக்காந்தாங்க. பூசணி ரூம்லேர்ந்து வந்தான், பத்தடி தள்ளி நின்னான். பெரியம்மா கூப்பிடல. ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டாங்க. எங்க எல்லாரையும் "பேசிட்டிருங்க"ன்னு சைகை பண்ணாங்க. அக்கா மின்சார பில்ல பத்தி பேச ஆரம்பிச்சா.

அவன் சுத்தி வந்து வாக்கர மோந்தான். நாலு ரப்பர் காலையும், ஒண்ணொண்ணா, கஸ்டம்ஸ் ஆபீசர் மாதிரி. வாயத் தொறந்து அந்த மூஞ்சி வெச்சான். மருந்து வாசனை, ஆஸ்பத்திரி வாசனை எல்லாம் இருந்திருக்கும். அப்புறம் வாக்கர் கால்ல கன்னத்த வெச்சு தேச்சான். திரும்பத் திரும்ப. பெரியம்மாவ தொடவே இல்ல. அஞ்சு நிமிஷம் கழிச்சு வாக்கருக்கும் அவங்க செருப்புக்கும் நடுவுல இருந்த ஒரு சாண் எடத்துல பொத்துன்னு விழுந்து படுத்தான். அவங்க திரும்பாமலே "படுத்துட்டானா?"ன்னு கேட்டாங்க. நான் "ஆமா"ன்னேன். இந்த தடவை உண்மைய.

ரெண்டு மணி நேரம் பெரியம்மா காலயே அசைக்கல. டாக்டர் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லியிருக்கார்னு அக்கா திட்டினா.

போறப்ப கத்துவானோன்னு பயந்தேன். லிஃப்ட் கதவு மூடறத பாத்துட்டு, வாசல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, உள்ள வந்தான். ராத்திரி சாப்ட்டான், எப்பவும் விட கொஞ்சம் கம்மி. பெரியம்மாவுக்கு அப்படியே சொன்னேன், "கம்மியா சாப்ட்டான்"னு. "நானும்தான்"ன்னாங்க.

ஜூன் 9

மைக்ரோசிப்ல (பூனை தோலுக்கடியில வெக்கற அடையாளச் சிப்) நம்பர் மாத்தினீங்களான்னு கேட்டவங்களுக்கு நன்றி, மாத்தல, இன்னிக்கு மாத்தினேன். பதினஞ்சு இலக்க நம்பர் சிப்ல அப்படியேதான் இருக்கும், பதிவுல இருக்கற பேரும் ஃபோனும்தான் மாத்தணும். பெரியம்மா நம்பரும் ரெண்டாவதா இருக்கட்டும்னு விட்டிருக்கேன்.

அந்த மணி பிளான்ட் தொட்டில இப்ப என்ன வெச்சிருக்கீங்க, பூனைக்கு ஆகாததா எதையும் வெச்சுடாதீங்கன்னு கேட்டவங்களுக்கு: மண்ண எடுத்துட்டு கழுவி கவுத்து வைக்கலாம்னு நிமித்தினேன், அதுக்குள்ள பூசணி ஏறி உக்காந்துட்டான். முக்கால்வாசி வெளியதான் வழியுது. காலைலேர்ந்து எறங்கல.